வேகமானி பொய்த்தால்

அளவையின்றி மக்கள் வாழ்க்கை நடைபெறாது. நெல்லை மரக்காலாலும், பொன்னைத் தராசாலும், நிலத்தைக் கோலாலும், பொழுதை நாழிகையாலும் அளந்து வாழ்ந்தனர் நம் முன்னோர். இவ்வளவைகள் பெரும்பாலும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவன. மரக்கால் சிறுத்திருப்பின் வாங்குவோன் கண்டு கேட்பான். தராசின் முள் சாய்ந்திருப்பின் அருகில் நிற்போன் சுட்டிக் காட்டுவான். விரைவு என்பதோ அத்தகையதன்று. ஓடும் வண்டியினுள் அமர்ந்திருப்போன் அதன் விரைவைப் புலன்களால் மட்டும் மதித்தறிதல் அரிது. அகன்ற சாலையில் நெடுநேரம் விரைந்து வந்தவன் ஊர்க்குள் நுழையுங்கால், வேகத்தைச் சிறிதளவே குறைத்திருப்பினும், தான் ஊர்ந்து செல்வதாகவே எண்ணுவான். ஆதலின் அவன் நம்ப வேண்டுவது கண்முன் இருக்கும் கருவியையே. ஸ்பீடாமீட்டர் என்று வழங்கும் வேகமானி அதுவாம். அக்கருவி பொய்க்குமாயின் அதனை அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத் தக்கது யாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகமானியின் பிழையை உணர்தற்கு அதன் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தவரான ஓட்டோ ஷுல்சே என்பவர் 1902-ஆம் ஆண்டில் பெர்லினில் காப்புரிமை பெற்ற முறையே பன்னெடுங்காலம் மோட்டார் வண்டிகளில் கையாளப்பட்டது. கியர் பாக்ஸிலிருந்து வளையத்தக்க ஒரு கேபிள் வேகமானியின் பின்புறம் வரை செல்லும். சக்கரம் சுழலச் சுழல அக்கேபிளும் தன் உறையினுள்ளே சுழலும். அதன் முனையில் ஒரு காந்தம் உண்டு. அக்காந்தத்தைச் சூழ்ந்து, ஆனால் அதனைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. எனினும் காந்தம் சுழலுங்கால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவற்றால் கிண்ணமும் காந்தம் சுழலும் திசையிலே திரும்ப முயல்கின்றது. கடிகாரத்தில் உள்ளது போன்ற மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. விரைவு மிகுந்தால் திருப்பும் ஆற்றலும் மிகும். கிண்ணம் மேலும் சற்றுத் திரும்பி நிற்கும். கிண்ணத்தோடு பொருத்திய முள்ளே நாம் காணும் முள்.

வண்டி ஓடிய தொலைவைக் காட்டும் தூரமானியும் அதே கேபிளினால்தான் இயங்குகிறது. ஆனால் அதற்குக் காந்தமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. பற்சக்கரங்கள் சில, கேபிள் சுழன்ற சுற்றுக்களை எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவே. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற்கொள்க. பிழையின் மூலத்தைக் கண்டுபிடிக்குங்கால் இதுவே பெருந்துணையாகும். இக்காலத்துக் கார்களில் கேபிளுக்கு மாறாகச் சக்கரத்தின் அருகிலோ கியர் பாக்ஸிலோ உள்ள மின்னுணர்விகள் சுற்றுக்களை எண்ணிக் கணிப்பொறிக்கு அறிவிக்கின்றன. எவ்வகையாயினும் உண்மை ஒன்றே: வேகமானி சாலையை அளப்பதில்லை, சக்கரத்தின் சுற்றுக்களையே அளக்கின்றது. ஒரு சுற்றுக்கு இத்துணைத் தூரம் என்று செய்தோர் வகுத்த கணக்கை நம்பியே அது பேசுகின்றது.

அக்கணக்கு மாறுமிடத்துப் பிழை தோன்றும். புதிய டயரின் மேற்பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழமுடையது என்றும், அது தேய்ந்து 1.6 மில்லிமீட்டரை எய்துகிறது என்றும் கொள்வோம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் குறைந்துவிடும்; அஃதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு. சிறுத்த சக்கரம் அதே தூரத்திற்கு மிகுதியான சுற்றுக்கள் சுற்றுமாதலால், முள் உண்மையினும் மிகுத்துக் காட்டும். குறித்த அளவினும் பெரிய டயரைப் பூட்டினாலோ நிலை மாறுகின்றது. சுற்றுக்கள் குறையும், முள்ளும் உண்மையினும் குறைத்துக் காட்டும். இவையேயன்றி, காந்தம் வலிகுன்றினாலும் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் மிகுத்துக் காட்டும்.

மிகுத்துக் காட்டுதல், குறைத்துக் காட்டுதல் ஆகிய இவ்விரண்டும் ஒரு தன்மையான பிழைகள் ஆகா. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன விதி இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து வகுக்கப்பட்டதாகும். அவ்விதிப்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்தினும் ஒருபொழுதும் குறைதல் ஆகாது. மிகுமாயின், உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கும் அதனோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவைத் தாண்டலாகாது. மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் முள் 92 வரை காட்டலாம்; 79 காட்டலாகாது. புதுக் கார்கள் பலவற்றில் முள் சற்று மிகுத்தே காட்டுவதன் காரணம் இதுவே. “எப்படியும் வேகமானி கூட்டித்தான் காட்டும்” என்று எண்ணி, முள் காட்டுவதற்கு மேலும் இரண்டு மூன்று கிலோமீட்டரைத் தாமே சேர்த்து ஓட்டுவார் உளர். டயரை மாற்றிய அன்றே அந்த இடைவெளி அழிந்து போயிருக்கக் கூடும் என்பதை அவர் நினைப்பதில்லை.

குறைத்துக் காட்டும் முள்ளால் விளையும் கேட்டை ஒரு சிறு கணக்கால் உணரலாம். இரு கார்கள் ஒரே சாலையில் செல்கின்றன. ஒன்று மெய்யாகவே மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது. மற்றொன்றின் முள்ளும் 50-இல் நிற்கிறது. ஆனால் அதன் உண்மை வேகம் 54. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகின்றது. இருவரும் ஒரு நொடியில் பிரேக்கை மிதிக்கின்றனர் என்றும், பிரேக்கு நொடிதோறும் நொடிக்கு 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கின்றது என்றும் கொள்வோம். முதற் கார் ஏறத்தாழ 30 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்பதற்கு ஏறத்தாழ 34 மீட்டர் வேண்டும். வேறுபாடு 4 மீட்டர்தானே எனலாம். ஆனால் முதற் கார் நின்றுவிட்ட அவ்விடத்தை இரண்டாவது கார் கடக்கும்பொழுது அதன் வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் ஆகும். முள்ளில் தோன்றாத நான்கு கிலோமீட்டர், குழந்தையின்மேல் இருபத்து நான்காய் வந்து விழுகின்றது.

இனி, பிழையை அறியும் வழியைக் கூறுவாம். இதற்குப் பெரும்பொருட் செலவு வேண்டுவதில்லை. சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கல்லும் கையிலுள்ள கடிகாரமும் போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் வண்டி ஒரு கிலோமீட்டரை 60 நொடியிற் கடக்கும். 72 நொடியாயின் வேகம் 50. 90 நொடியாயின் 40. 120 நொடியாயின் 30. பொதுவாகக் கூறுமிடத்து, 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் வகுக்க வருவதே உண்மை வேகம்.

இச்சோதனையில் கவனிக்க வேண்டுவன சில உள. முதலாவது, ஓட்டுவோன் கடிகாரத்தைப் பார்த்தலாகாது. அருகில் அமர்ந்த ஒருவர் அதனைப் பார்க்க, ஓட்டுவோன் முள்ளை ஒரே நிலையில் நிறுத்துவதிலும் சாலையிலுமே கருத்தாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, போக்குவரத்துக் குறைந்த நேரமும் மேடு பள்ளமில்லா நேர்சாலையும் தெரிந்துகொள்ளுதல் நலம். மூன்றாவது, ஒரு கிலோமீட்டரோடு நிறுத்தாமல் ஐந்து கிலோமீட்டர் அளத்தல் வேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதில் ஒரு நொடி தவறினால், 72 நொடியில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பிழையாகும். 360 நொடியிலோ அதன் ஐந்திலொரு பங்கே ஆகும். கல் ஒன்று இடம் பெயர்ந்து நடப்பட்டிருப்பினும் அதன் கேடு நெடுந்தூரத்தில் குறையும். நான்காவது, சென்ற வழியே மீண்டும் வந்து அளந்து, இரண்டின் சராசரியைக் கொள்ளுக.

இக்காலத்துக் கைபேசிகள் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு வேகத்தைக் காட்டுகின்றன. திறந்த வெளியில், நேரான சாலையில், ஒரே சீராகச் செல்லுங்கால் அவை காட்டும் வேகம் பெரிதும் நம்பத் தக்கது. வண்டி வேகத்தைக் கூட்டும்பொழுதும் குறைக்கும்பொழுதும் அவை சற்றுப் பின்தங்கும். அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் தடுமாறும். ஆதலின் கல்லையும் கைபேசியையும் ஒன்றற்கொன்று சான்றாக வைத்து நோக்குதல் அறிவுடைமை. செட்டிநாட்டு வணிகர் பேரேட்டில் எழுதியதோடு அமையாது, ஐந்தொகை எடுத்து இரு பக்கமும் ஒத்துவரக் கண்ட பின்னரே கணக்கை ஒப்புக்கொண்டனர். ஒரே ஏட்டை மட்டும் நம்பாத அவ்வழக்கம் இங்கும் நமக்கு உதவுவதாம்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள கொத்தமங்கலம் எமது ஊர். அங்கு வாடகைக் கார் ஓட்டும் மூத்தவர் ஒருவர், தம் பழைய காருக்கு உரிய டயர் கிடைக்காமையால் சற்றுப் பெரிய டயர்களைப் பூட்டியிருந்தார். சின்னாட்களுக்குப் பின்னர் அவர் எம்மிடம், “முள் ஐம்பதிலேதான் நிற்கிறது, தம்பி, ஆனால் வளைவிலே வண்டி அதற்குமேல் போவதுபோல் இழுக்கிறது” என்றார். பல்லாண்டுகள் ஓட்டிப் பழகிய உடம்பு, கருவியோடு மாறுபட்டு உரைத்தது. திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாகத் தேவகோட்டை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மேற்கூறிய முறைப்படி அளந்தோம். முள் 50-இல் நிற்க, ஐந்து கிலோமீட்டருக்குப் போகும்பொழுது 332 நொடியும் வரும்பொழுது 334 நொடியும் ஆயின. சராசரி 333 நொடி. உண்மை வேகம் 54. முள்ளை 40-இல் நிறுத்தியபொழுது 417 நொடி ஆயிற்று. உண்மை வேகம் 43-க்குச் சிறிது மேல். எவ்வேகத்திலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழரைப் பங்கு குறைத்துக் காட்டுதல் தெளிவாயிற்று. சென்று மீண்ட பத்துக் கிலோமீட்டருக்குத் தூரமானியும் 9.3-க்குச் சற்றுக் குறைவாகவே காட்டிற்று.

இவ்வெண்களிலிருந்து பிழையின் மூலத்தை உய்த்துணரலாம். முள்ளும் தூரமானியும் ஒரே விகிதத்தில் பிழைபட்டால், குற்றம் இரண்டிற்கும் பொதுவான இடத்தில், அஃதாவது டயரிலோ கேபிளைச் சுழற்றும் பற்சக்கரத்திலோ உள்ளது. தூரமானி சரியாக இருந்து முள் மட்டும் பிழைபட்டால், குற்றம் காந்தத்திலோ சுருள்வில்லிலோ உள்ளது. எவ்வேகத்திலும் ஐந்தோ ஆறோ ஒரே எண்ணாக வேறுபட்டு, வண்டி நின்றபின்னும் முள் சுழிக்குத் திரும்பாதிருந்தால், முள் தன் அச்சில் இடம் பெயர்ந்துள்ளது. முள் ஓயாது ஆடினால், கேபிள் எண்ணெயின்றி உலர்ந்தோ எங்கேனும் மடிந்தோ இருக்கும். முள்ளும் தூரமானியும் ஒருங்கே நின்றுவிட்டால், பெரும்பாலும் கேபிள் அற்றிருக்கும். மேற்கூறிய காரில் இரண்டும் ஒத்த விகிதத்தில் பிழைத்தமையானும், டயர் மாற்றிய பின்னரே அது தொடங்கியமையானும், டயரே காரணம் என்பது உறுதியாயிற்று.

காரணம் அறிந்தால் மருந்தும் எளிது. டயரால் வந்த பிழைக்கு, கார் செய்தோர் குறித்த அளவுள்ள டயரைப் பூட்டி, குறித்த அளவு காற்றை நிரப்புதலே முதல் வழி. அஃது இயலாவிடின், பழைய வண்டியாயின் கேபிளைச் சுழற்றும் பற்சக்கரத்தைத் தக்க பல்லெண்ணிக்கை உடையதாக மாற்றலாம். புது வண்டிகள் சிலவற்றில் டயரின் அளவைக் கணிப்பொறியில் திருத்திப் பதியலாம். கேபிள் மடிந்திருந்தால் மாற்றுக. உலர்ந்திருந்தால் அதற்குரிய கிரீஸை அளவாக இடுக. மிகுதியாக இட்டால் அது கேபிள் வழியே ஏறி வேகமானியையே கெடுத்துவிடும். காந்தமும் சுருள்வில்லும் கெட்டவிடத்து மீட்டர் பழுதுபார்ப்போரிடம் கொடுத்தலே தக்கது. கண்ணாடியைக் கழற்றி முள்ளைக் கையால் வளைத்துச் சரிசெய்ய முயல்வோர், ஒரு வேகத்தில் சரியாக்கி மற்றெல்லா வேகங்களிலும் பிழையாக்கி விடுவர்.

பழுது நீங்குமளவும் வண்டியை ஓட்டாதிருத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. அந்நாட்களில் செய்யத் தக்கது ஒன்றுண்டு. பிழையின் அளவைத் துண்டுத்தாளில் எழுதி முள்ளின் அருகில் ஒட்டிவைத்தலே அது. கொத்தமங்கலத்துக் காரில் ஒட்டிய தாளில், “30-க்கு 27, 40-க்கு 37, 50-க்கு 46, 60-க்கு 55” என்று எழுதினோம். 50-க்கு மேற்படாது செல்ல விரும்பினால் முள் 46-ஐத் தாண்டலாகாது என்பது பொருள். அளவறிந்த பிழை பாதிப் பிழையே ஆகும். அறியாத பிழையோ, எத்துணைச் சிறியதாயினும், ஏமாற்றுவதை விடாது.

பழைய கார்களைப் பேணுவோர்க்கு இன்னுமொரு எச்சரிக்கை வேண்டும். செட்டிநாட்டில் சில இல்லங்களில் பழங்காலத்து மோட்டார்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்த அவ்வண்டிகளின் வேகமானிகள் மைலையே காட்டுவன. 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பின்னர் நம் நாட்டுச் சாலைகள் கிலோமீட்டருக்கு மாறிவிட்டன. அவ்வண்டிகளின் முட்கள் மாறவில்லை. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர் ஆதலின், சாலைப் பலகையில் 50 என்று கண்டு முள்ளையும் 50-இல் நிறுத்துவோன் மணிக்கு 80 கிலோமீட்டர் செல்வான். இங்குக் கருவி பொய்க்கவில்லை. அது பேசும் அளவை வேறு, நாம் கேட்கும் அளவை வேறு. அவ்வண்டியில் 31 என்பதே நம் 50 ஆகும்.

சட்டம் இதுபற்றிக் கூறுவதும் அறியத் தக்கது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 117-ஆம் விதி, வாகனங்களில் வேகமானி இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு வேகவரம்பை மீறுதற்குரிய தண்டனையைக் கூறுவது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கார் போன்ற இலகு வாகனங்களுக்கு அபராதம் 1000 ரூபாய்க்குக் குறையாமல் 2000 ரூபாய் வரையாகும். அப்பிரிவிலேயே ஒரு நுட்பம் உண்டு. ஒரே சாட்சி தன் கருத்தளவில் “இவன் விரைந்து சென்றான்” என்று கூறுவதை மட்டும் கொண்டு எவரையும் தண்டித்தலாகாது. அக்கருத்து ஒரு கருவியின் மதிப்பீட்டைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பதே அது. மனிதர் கண் விரைவை மதிப்பதில் தவறும் என்பதைச் சட்டமே ஒப்புகின்றது. அவ்வாறே, சட்டம் வினவுவது வண்டி சென்ற வேகத்தையன்றி, முள் காட்டிய வேகத்தையன்று.

கருவி தானே பிழைத்தல் ஒன்று; அதனை வேண்டுமென்றே பிழைக்கச் செய்தல் மற்றொன்று. ஓடித் தேய்ந்த காரை விற்குமுன் தூரமானியின் எண்களைப் பின்னோக்கித் திருப்பிவிடும் தீய வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. முற்காலத்தில் கையால் திருப்பினர். இக்காலத்தில் கணிப்பொறியால் மாற்றுகின்றனர். வாங்குவோன் பொருளை இழத்தல் மட்டுமன்று, தூரக் கணக்கை நம்பி மாற்ற வேண்டிய பிரேக்கு முதலிய உறுப்புக்களை உரிய காலத்தில் மாற்றாது விடுவான். நீளத்திலும் நிறையிலும் முகத்தலிலும் அநியாயம் செய்தல் ஆகாதென்று இஸ்ரவேல் மக்களுக்கு விதித்த லேவியராகமம், அளவையை வணிகர் தம்முள் தீர்த்துக்கொள்ளும் செய்தியாக விடாது, கடவுளின் கட்டளையாகவே வைத்தது. மரக்காலைச் சிறிதாக்குவோனுக்கும் தூரமானியைத் திருப்புவோனுக்கும் வேறுபாடு யாதுமில்லை.

வாடகை மீட்டர்களைச் சட்டமுறை எடையளவு அதிகாரிகள் ஒப்பிட்டு முத்திரையிடுகின்றனர். பிழைத்தால் பயணி உடனே பணம் இழப்பான் ஆதலின் அவனும் விழிப்பாக இருக்கின்றான். சொந்தக் காரின் வேகமானியை அங்ஙனம் ஆண்டுதோறும் ஒப்பிட்டு முத்திரையிடுவார் இல்லை. அதனால் கேடுறுவோரும் பெரும்பாலும் காரின் உள்ளே இருப்பவர் அல்லர். தைப்பூசத்தை ஒட்டிச் செட்டிநாட்டிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியெடுத்து நடந்து செல்வோர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கினர். இருள் பிரியாத வேளையில் சாலையின் ஓரத்தில் அவர்கள் நடக்கின்றனர். பின்னே வரும் வண்டியின் முள் மெய் கூறுகிறதா, பொய் கூறுகிறதா என்பதை அவர்கள் அறியார். அறியும் வழியும் அவர்களுக்கு இல்லை. அறியக் கூடியவன் ஓட்டுவோன் ஒருவனே.

நம் கல்லூரி மாணவருள் வீட்டுக் காரையோ இருசக்கர வண்டியையோ ஓட்டுவார் பலர். டயர் மாற்றிய பின்னரும், பழைய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கிய பின்னரும், ஆண்டிற்கு ஒருமுறை எக்காரணமும் இன்றியும், ஐந்து கிலோமீட்டர்க் கற்களையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு இச்சோதனையைச் செய்துபார்க்க. விடுமுறையில் ஊர் சென்றதும் ஒரு பிற்பகற் பொழுது இதற்குப் போதும். தாளில் எழுதி ஒட்டுவதற்கு இன்னும் இரண்டு நிமிடம்.